லண்டன்ல வீட்டுக்குப் பின்னாடி கோழி வளர்க்க யார்கிட்ட பெர்மிஷன் வாங்கணும்?

கவுன்சிலுக்கு போன் போட்டு, தோட்டத்துல நாலு கோழி விடலாம்னு இருக்கேன், பெர்மிஷன் ஃபார்ம் எங்க கிடைக்கும்னு கேட்டேன். மூணு டிபார்ட்மென்ட் மாத்தி மாத்தி விட்டாங்க, கடைசியா எடுத்தவரு அப்படி ஒரு ஃபார்மே எங்ககிட்ட கிடையாதுன்னு சொல்லிட்டாரு. ஃபார்மே இல்லைன்னா பெர்மிஷனே வேண்டாம்போலன்னு அன்னிக்கே கூண்டு ஆர்டர் போட உக்காந்துட்டேன். நல்லவேளை வீட்டுல தடுத்தாங்க.

விஷயம் என்னன்னா அவரு சொன்னதுல தப்பு இல்ல. இங்கிலாந்துல சொந்தத் தேவைக்கு நாலஞ்சு கோழி வளர்க்குறதுக்கு பொதுவா கவுன்சில் லைசன்ஸ்னு ஒண்ணு கிடையாது. அமெரிக்கால இருக்கற சொந்தக்காரங்க சிட்டி பெர்மிட் வாங்கினேன், இவ்வளவு டாலர் கட்டினேன்னு சொல்றத கேட்டுட்டு இங்கயும் அதே மாதிரி ஒரே ஜன்னல்ல வேலை முடிஞ்சிரும்னு நினைச்சா முடியாது, இங்க பெர்மிஷன் அங்கங்க செதறிக் கிடக்கு. கொஞ்சம் வீட்டுப் பத்திரத்துல, கொஞ்சம் வீட்டு ஓனர்கிட்ட, கொஞ்சம் அரசாங்க ரெஜிஸ்டர்ல, மிச்சம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க மனசுல. நான் திண்டுக்கல் பக்கம், ஊர்ல பஞ்சாரத்தக் கவுத்தா கோழிக்கு வீடு ரெடி, அந்த நெனப்புலயே இங்க இறங்கக் கூடாது. கோழி வாங்குறத எல்லாத்துக்கும் கடைசியா வச்சுக்கோங்க.

முதல்ல பத்திரம். சொந்த வீடுன்னா ஹெச்எம் லேண்ட் ரெஜிஸ்ட்ரி சைட்ல உங்க வீட்டோட டைட்டில் ரெஜிஸ்டர எடுங்க, சில பவுண்டுதான் ஆகும். கூகுள்ல தேடுனா மேல வர்ற விளம்பரங்கள்ல பாதி அதே காப்பிய பல மடங்கு விலைக்கு விக்கிறவங்க, அதனால நேரா அரசாங்க சைட்டான கவ் டாட் யூகே வழியாவே போங்க. அந்த ரெஜிஸ்டர் ஏ, பி, சின்னு மூணு பகுதியா இருக்கும். ஏ-ல இடம் எது, பி-ல ஓனர் யாரு. நமக்கு வேண்டியது சி. லோன் விவரத்தோட சேத்து, இந்த மனையில இன்னது செய்யக் கூடாதுன்னு பழைய ஓனர்ங்க எழுதி வச்ச கட்டுப்பாடெல்லாம் அங்கதான் இருக்கும், அதுக்குப் பேரு கவனன்ட். சில நேரம் முழு வாசகமும் அங்க இருக்காது, இன்ன வருஷத்துப் பத்திரத்தப் பாருன்னு மட்டும் போட்டிருக்கும், அப்ப அந்தப் பத்திரத்தோட காப்பியயும் தனியா காசு கட்டி வாங்கணும்.

என் வீடு 1930கள்ல கட்டுன செமி, ஒரு பக்கச் சுவரு பக்கத்து வீட்டோட ஒட்டுன வீடு. சி பகுதிய பயந்துக்கிட்டே படிச்சேன். பன்னி வளர்க்கக் கூடாது, சாராயம் விக்கக் கூடாது, செங்கல் சுடக் கூடாது, இவ்வளவுதான். கோழியப் பத்தி மூச்சே இல்ல. ஆனா புதுசா கட்டுன எஸ்டேட்ல வீடு வாங்குன ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு நாய் பூனை தவிர வேற எந்த மிருகமும் கூடாதுன்னு பச்சையா எழுதியிருந்துச்சு, அவன் அதோட அந்தக் கதைய மூடிட்டான். பழைய பத்திரம்தானே, எழுதுனவங்களே செத்துப் போயிருப்பாங்க, யாரு வந்து கேக்கப் போறாங்கன்னு சிலர் சொல்வாங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கே அந்தக் கட்டுப்பாட்ட அமல்படுத்தக் கேக்குற உரிமை இருக்கலாம், அதனால கோழின்னு ஒரு வார்த்தை அதுல இருந்தா ஒரு சொலிசிட்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. லீஸ்ஹோல்டுன்னா, அதாவது நிலம் வேறொருத்தருக்குச் சொந்தமா இருந்து நீங்க நீண்ட காலக் குத்தகையில இருந்தா, லீஸப் படிங்க, நில ஓனரான ஃப்ரீஹோல்டர்கிட்டயோ மேனேஜிங் ஏஜென்ட்கிட்டயோ எழுத்துல கேளுங்க.

வாடகை வீடுன்னா ஓனர் வாயால சரின்னு சொல்றது பத்தாது, ஈமெயில்ல வாங்கிக்கோங்க. கவுன்சில் வீட்டுல வாடகைக்கு இருந்தா இங்கதான் கவுன்சில் பெர்மிஷன் நெஜமாவே தேவைப்படலாம், ஊராட்சி மாதிரி இல்ல, வீட்டு ஓனர்ங்கற முறையில. டெனன்சி பேப்பர்ல மிருகங்களப் பத்தி ஒரு பத்தி இருக்கும், அதப் படிச்சுட்டு ஹவுசிங் ஆபீசருக்கு எழுதுங்க. எழுதும்போது சும்மா கோழி வளர்க்கலாமான்னு ஒரு வரி போட்டா முடியாதுன்னு ஒரு வரி பதில் வரும். எத்தனை பெட்டைக்கோழி, சேவல் கிடையாது, கூண்டு எவ்வளவு பெருசு, தோட்டத்துல எந்த மூலை, பக்கத்து வீட்டு ஜன்னல்லருந்து எவ்வளவு தூரம், தீவனத்த மூடி போட்ட தகர டின்ல வைப்பேன், காலி பண்ணும்போது புல்லு திரும்பப் போட்டுத் தருவேன், இப்படி எல்லாத்தையும் எழுதுங்க. இந்தக் கடைசி வரிய விட்றாதீங்க. நாலு கோழி ஒரு குளிர்காலம் ஒரே இடத்துல கிளறுனா அங்க புல்லுன்னு ஒண்ணு இருந்த தடமே இருக்காது, ஓனர் பயப்படறது அதுக்குத்தான்.

கூண்டுக்கு பிளானிங் பெர்மிஷன் வேணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. சாதாரண வீடுன்னா பெரும்பாலும் வேண்டாம், தோட்டத்துல ஷெட் போடற அதே விதிதான். வேலிக்கு 2 மீட்டருக்குள்ள வச்சா உயரம் 2.5 மீட்டரத் தாண்டக் கூடாது, வீட்டுக்கு முன்பக்கம் வைக்கக் கூடாது, கூடுதல் கட்டடமெல்லாம் சேர்ந்து வீட்டச் சுத்தியுள்ள இடத்துல பாதிக்கு மேல பிடிக்கக் கூடாது. ஃப்ளாட்டுக்கும், பழமைக்காகச் சட்டம் பாதுகாக்கற லிஸ்டட் பில்டிங்குக்கும் இந்தச் சலுகை பொருந்தாது, அவங்க கேட்டுட்டுத்தான் செய்யணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், நிறையப் பேருக்கு இது இன்னும் தெரியல. முன்னாடியெல்லாம் 50 பறவையோ அதுக்கு மேலயோ வச்சிருந்தாத்தான் அரசாங்கத்துல பதியணும். 2024 அக்டோபர் 1லருந்து இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஒரே ஒரு கோழி வச்சிருந்தாலும் ஏ.பி.எச்.ஏ.ங்கற அரசாங்க விலங்கு சுகாதார அமைப்புல பதிஞ்சே ஆகணும், ஸ்காட்லாந்துல அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வந்துருச்சு. கோழி வீட்டுக்கு வந்து ஒரு மாசத்துக்குள்ள பதியணும், பதியாம இருந்தா குற்றம். வாத்து, காடை, புறா எல்லாத்துக்கும் இதேதான், வெளிய விடாம வீட்டுக்குள்ளயே வச்சிருக்கற கிளி மாதிரி பறவைங்களுக்கு மட்டும் விலக்கு. காசு கிடையாது.

பதியறது பெரிய வேலை இல்ல. 50க்கு கீழ வச்சிருக்கறவங்களுக்குன்னு சின்ன ஃபார்ம் தனியா ஆன்லைன்ல இருக்கு, அதத் திறங்க. பேரு, போன், பறவை இருக்கற இடத்தோட அட்ரஸ், என்ன பறவை, எத்தனை, எதுக்காக வளர்க்குறீங்க. அலாட்மென்ட்ல, அதாவது தோட்டம் போட வாடகைக்குத் தர்ற துண்டு நிலத்துல, கோழி வச்சிருந்தா உங்க வீட்டு அட்ரஸ் இல்ல, அந்த இடத்தோட அட்ரஸ் வேணும், இதுல கொழம்பாதீங்க. எதுக்காகங்கற கேள்வியில நான் ரொம்ப நேரம் யோசிச்சேன், செல்லப் பிராணியா, முட்டைக்கா. ரெண்டும்தான். சொந்த உபயோகத்துக்கு முட்டைன்னு போட்டேன். என் மவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் பேரு கேக்கலையாப்பான்னா. கேக்கல.

எதுக்கு இந்த ரெஜிஸ்டர்னா பறவைக் காய்ச்சல். நோய் ஒரு இடத்துல உறுதியாச்சுன்னா அதச் சுத்தி 3 கிலோமீட்டருக்கு ஒரு வளையம், 10 கிலோமீட்டருக்கு இன்னொரு வளையம் போடுவாங்க, அந்த வட்டத்துக்குள்ள யார் யாருகிட்ட கோழி இருக்குன்னு தெரியணும்ல. பதிஞ்சா உங்க ஏரியாவுக்கு எச்சரிக்கை மெசேஜும் வரும். 2022 நவம்பர் 7லருந்து 2023 ஏப்ரல் 18 வரைக்கும் இங்கிலாந்து முழுக்க கோழிய வெளிய விடாதீங்கன்னு உத்தரவு இருந்துச்சு, அஞ்சு மாசத்துக்கு மேல. சில உத்தரவுகள்ல 50க்கு கீழ வச்சிருந்து முட்டைய விக்காம, சும்மாவும் குடுக்காம இருக்கறவங்களுக்கு விலக்கு குடுக்குறாங்க, சிலதுல இல்ல, அதனால குளிர்காலம் வந்தா டெஃப்ராங்கற வேளாண், சுற்றுச்சூழல் துறையோட வலைப்பக்கத்த ஒரு தடவை பாத்துக்கோங்க. நான் இதுலருந்து கத்துக்கிட்டது, ரன்னு, அதாவது கூண்டோட சேந்து கோழி நடமாட வலை அடிச்ச இடம், எடுக்கும்போதே தலைக்கு மேல கூரை போட்டு எடுக்கணும். காட்டுப் பறவை எச்சம் உள்ள விழக் கூடாது, சிட்டுக்குருவி நுழையக் கூடாது. கோழிக்கு ஒரு சதுர மீட்டராவது கணக்கு வச்சுக்கோங்க, அஞ்சு மாசம் அதுக்குள்ளயே கெடக்கும்னு நெனச்சு அளவெடுத்தா இன்னும் கொஞ்சம் பெருசா வாங்கத் தோணும்.

அடுத்தது கேட்டா நம்ம ஆளுங்க யாரும் நம்ப மாட்டாங்க. மிச்ச சோத்த கோழிக்குப் போடறது இங்க சட்டப்படி தப்பு. சோறு, இட்லி, காஞ்ச சப்பாத்தி, கீரைத் தண்டு, வெங்காயத் தோல் கூட. வீட்டுச் சமையலறைக்குள்ள போயிட்டு வந்த எதையும் கோழிக்குப் போடக் கூடாது, அது செல்லப் பிராணியா இருந்தாலும் சரி. 2001ல இந்த நாட்ட உலுக்குன கோமாரி நோய்க்கு அப்புறம் வந்த கெடுபிடி இது, கறியோ பாலோ பட்ட மிச்சம் வழியா நோய் பரவும்ங்கறதுதான் காரணம்.

உடனே எங்க மாமியார், நாமதான் சைவமாச்சே, நமக்கென்னன்னாங்க. அங்கதான் கொக்கி. விலக்கு சைவத்துக்கு இல்ல, வீகனுக்கு. பாலு, தயிரு, நெய்யி, முட்டை எதுவுமே நுழையாத சமையலறையா இருந்தாத்தான் அங்கருந்து காய்கறித் தோல் போடலாம். தயிர் இல்லாத தமிழ் வீடு எங்க இருக்கு? அதனால நான் பண்றது, தோட்டத்துல வெளையிற கீரைய செடிலருந்து புடுங்கி நேரா கோழிக்கு, வீட்டு வாசப்படிய மிதிக்காம. சூப்பர் மார்க்கெட்டுல வாங்குன முட்டைக்கோஸ கார்லருந்து இறக்கி அப்படியே பின்பக்கமா கொண்டு போயி கட்டித் தொங்க விடறவங்களயும் பாத்திருக்கேன், சிரிப்பா இருக்கும், ஆனா அதான் சரியான முறை. காட்டுப் பறவைக்குன்னு விக்கிற காஞ்ச புழுப் பாக்கெட்டு இருக்கே, அதுவும் கோழிக்குப் போடக் கூடாது. லேயர்ஸ் பெல்லட்னு தீவனக் கடையில கிடைக்கும், மெயின் சாப்பாடு அது. கோதுமை ஒரு கைப்பிடி சாயங்காலம். போதும்.

இப்ப பக்கத்து வீடு. எழுத்துல எந்தப் பெர்மிஷனும் வேண்டாம், ஆனா நாத்தம், சத்தம், எலின்னு புகார் போச்சுன்னா கவுன்சில் வரும். 1990ம் வருஷச் சுற்றுச்சூழல் சட்டத்துல நியூசன்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, அதுல நோட்டீஸ் குடுத்தா சரி பண்ணியே ஆகணும், பண்ணலைன்னா கோர்ட்டு. சேவல் வைக்கக் கூடாதுன்னு நாடு முழுக்க சட்டம் இல்ல, ஆனா ஜூன் மாசத்துல காலையில நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துரும், அப்ப கூவுனா தெருவே எந்திரிக்கும், புகார் நிச்சயம். முட்டைக்குச் சேவலே தேவையில்ல, இது தெரியாதவங்க ஆச்சரியப்படற அளவுக்கு நெறயப் பேர் இருக்காங்க.

கோழி வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ரெண்டு பக்கமும் போய்ச் சொல்லிட்டு வந்தேன். இடது பக்கம் யாழ்ப்பாணத்து அக்கா. "சாவலும் வளர்க்கப் போறியளோ தம்பி?"ன்னு முதல் கேள்வி. இல்லக்கா, நாலு பெட்டைதான்னேன். "அப்ப பிரச்சினை இல்லை, எச்சம் இருந்தா என்ர கறிவேப்பிலைக்குத் தாங்கோ"ன்னாங்க. அவங்க தொட்டியில வச்சு, குளிர்ல உள்ள தூக்கி, வெயில்ல வெளிய தூக்கி வளர்க்குற கறிவேப்பிலை அது. பச்சை எச்சத்த அப்படியே போட்டா வேரு கருகிரும், ஆறு மாசம் மக்க வச்சுத் தர்றேன்னு சொல்லி, அப்படித்தான் குடுத்துட்டு வர்றேன். வலது பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரு, அவருக்கு ஒரே பயம் எலி. நியாயமான பயம்தான். கோழி எலியக் கூட்டிட்டு வராது, ராத்திரி சிந்திக் கெடக்குற தீவனந்தான் கூட்டிட்டு வரும். கோழி ஏறி நின்னாத் திறக்குற மிதி டப்பா ஒண்ணு வாங்கி, சாயங்காலம் அதையும் உள்ள எடுத்து வச்சிருவேன்னு அவர்கிட்ட காட்டிட்டு வந்தேன். இதுவரைக்கும் ஒரு சொல் வரல.

நரி கதைய சொல்லாம விட்டா இந்த வழிகாட்டிக்கு அர்த்தமே இல்ல, லண்டன்ல ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாப்புல நம்ம கூட நரியும் நிக்கிது. நான் முதல்ல போட்டது சாதா கோழி வலை, அந்த ஆறு மூலை ஓட்டை இருக்கும்ல அது. அதுக்குப் பேருதான் கோழி வலை, கோழி வெளிய போகாமத் தடுக்கும், நரி உள்ள வராமத் தடுக்காது. மூணாவது வாரம், விடியக்காலம், ஒரு கோழியோட சத்தம் மட்டும் கேட்டுச்சு, அது கொக்கரிக்கிற சத்தம் இல்ல. டார்ச்ச எடுத்துட்டு ஓடுனா வலைய ஒரு பக்கம் பல்லால கிழிச்சு, கீழ மண்ண ஒரு சாண் தோண்டி வச்சிருக்கு. ராத்திரி கூண்டுக் கதவ நான் தாப்பா போட்டிருந்ததால மூணு தப்பிச்சுது, ஒண்ணு எப்படியோ வெளிய ரன்லயே தங்கிருக்கு, அதோட இறகு மட்டும் ஈரப் புல்லுல ஒட்டிக் கெடந்துச்சு. அதுக்கப்புறம் அரை இஞ்ச் ஓட்டை உள்ள வெல்டு மெஷ்னு பத்த வச்ச கெட்டிக் கம்பி வலை போட்டேன், சுத்தி ஒண்ணரை அடிக்குத் தரையில படுக்கப் போட்டு மேல கல்லு அடுக்குனேன், நரி வேலியோரமா நின்னுதான் தோண்டும், தோண்டுற எடத்துல கம்பி தட்டுனா விட்டுட்டுப் போயிரும். தாப்பாவும் வெறும் கொண்டி பத்தாது, திருகிப் பூட்டுற மாதிரி வேணும். ராத்திரி அடையும்போது எண்ணிப் பாத்துட்டுக் கதவச் சாத்துங்க, எண்ணாம சாத்தாதீங்க.

ஃப்ளாட்ல இருக்கேன், தோட்டமே இல்லைன்னா அலாட்மென்ட்டப் பாருங்க. 1950 அலாட்மென்ட் சட்டத்துலயே, வியாபாரத்துக்கு இல்லாம பெட்டைக்கோழியும் முயலும் வச்சுக்கலாம்னு இருக்கு, சேவலுக்கு அந்த உரிமை கிடையாது. ஆனாலும் கூண்டு வைக்க அந்த சைட்டோட செக்ரட்டரிகிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும், தினம் ரெண்டு வேளை போய்ட்டு வர்ற தூரமான்னும் பாத்துக்கோங்க, கோழிக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது.

இவ்வளவும் முடிஞ்சப்புறம் கோழி. குஞ்சுலருந்து வளர்க்க ஆசையிருந்தா அதுல பாதி சேவலா வரும், அப்புறம் அதுங்கள எங்க குடுப்பீங்க? முட்டை போடற பருவத்துக்கு வந்த வெடைக்கோழி வாங்கலாம். நான் எடுத்தது பண்ணையிலருந்து கழிச்ச கோழி. பண்ணைக்காரங்க ஒண்ணரை வயசுல கழிச்சிருவாங்க, பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் ட்ரஸ்டுன்னு 2005லருந்து ஒரு அமைப்பு அதுங்கள வாங்கி வீடுகளுக்குக் குடுக்குது, ஆன்லைன்ல எழுதி வச்சா உங்க பக்கத்துல என்னிக்கு எந்த எடத்துல வந்து எடுத்துக்கலாம்னு சொல்வாங்க, கோழிக்கு இவ்வளவுன்னு ஒரு நன்கொடை. பாதி இறகு கொட்டி, கொண்டை வெளுத்து, புல்லக் கண்டதும் காலத் தூக்கித் தூக்கி வச்சு நடக்கும். ஒரு மாசத்துல ஆளே மாறிடும்.

முட்டை மிஞ்சுனா நேரா அக்கம் பக்கத்துக்கு விக்கலாம், சின்ன அளவுல விக்கிறதுக்கு முத்திரையெல்லாம் குத்த வேண்டாம். ஆனா டிசம்பர்ல விக்கிறதுக்கு எதுவும் இருக்காது, பகல் எட்டு மணி நேரந்தான், கோழி கடையச் சாத்திரும். கோழி செத்தா தோட்டத்துல பொதைக்கக் கூடாது, இதுவும் நம்மாளுங்களுக்குப் புதுசு, செல்லமா வளர்த்தாலும் சட்டத்துக்கு அது பண்ணை விலங்குதான், வெட்கிட்ட, அதாவது கால்நடை டாக்டர்கிட்ட, குடுத்தா எரிக்க ஏற்பாடு பண்ணுவாங்க. அதே காரணத்தால மருந்தும் கண்டதக் குடுக்கக் கூடாது, கோழி பாக்குற வெட் எங்க இருக்காருன்னு முன்னாடியே விசாரிச்சு வைங்க, நாய் பூனை பாக்குற எல்லாரும் கோழி பாக்க மாட்டாங்க.

ரெஜிஸ்டர் விவரத்த வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாத்து சரி பண்ணணும். நரி வந்துட்டுப் போன வாரம் நான் உள்ள போயி நாலுங்கற எடத்துல மூணுன்னு மாத்துனேன். அப்புறம் ட்ரஸ்ட்லருந்து இன்னும் ரெண்டு வந்துச்சு, இப்ப அஞ்சு.